நான் பேசாமல் இருந்த இரண்டு வருஷம்

பேச்சுப் பயிற்சிக்கு நிரப்பச் சொன்ன அந்தப் படிவத்தில் பேசுவதற்கு மட்டும் பதினோரு சொற்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். என் மகள் எதைச் செய்கிறாளோ அதற்கு நேராக டிக் அடிக்க வேண்டும். பேபிள், அதாவது மழலை உளறல், செய்கிறாளா என்று ஒரு வரி. வோக்கலைஸ், அதாவது சும்மா குரல் எழுப்புவது, செய்கிறாளா என்று அடுத்த வரி. விளையாடும்போது தனக்குத்தானே டாக் செய்கிறாளா என்று ஒன்று, இரண்டு சொல்லைச் சேர்த்து ஸ்பீக் செய்கிறாளா என்று வேறொன்று. ஸே தனி, டெல் தனி. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை ஒன்று பேசும், இல்லாவிட்டால் பேசாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடுவில் இத்தனை படிக்கட்டு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கு மூன்று வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவளிடம் மொத்தம் ஐந்து சொற்கள். அம்மா, தா, பூ, இல்ல, பாரு. வாகட் என்ற மராட்டிப் புறநகரில் எங்கள் அடுக்ககத்தில் அவள் வயசுப் பிள்ளைகள் லிஃப்டில் "ஆன்ட்டி, விச் ஃப்ளோர்?" என்று என்னையே கேட்டுப் பட்டனை அமுக்கின. இவள் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிற்பாள். காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள் என்றார். அப்படித்தான் மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

பயிற்சி கொடுக்கும் அம்மாள் மராட்டிக்காரர், சின்ன வயசு, சிரித்த முகம். என் மகளைத் தரையில் உட்காரவைத்து டப்பா மூடிகளை அடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பெருமையாகப் பதில் சொன்னேன். வீட்டில் தமிழ். வாசல் காவலாளியிடம் இந்தி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் மராட்டி. காய்கறி விற்கும் மௌஷி, அதாவது சித்தி, என் மகளைக் கண்டதும் "பாளா, காய் மண்தேஸ்?" என்பாள். குழந்தே, என்ன சொல்லுதே என்று அர்த்தம். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். கேட்கும் விதமே எவ்வளவு அழகு பாருங்கள் என்று அந்தப் பயிற்சிக்கார அம்மாளிடமே நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் போனில் பேசுவது ஆங்கிலம். விரலை விட்டு எண்ணிக் காட்டினேன். நாலு.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "டூ மச் ஃபார் ஹெர்," என்றார். குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள், ஒரு பாஷையைத் தேர்ந்தெடுங்கள், அது ஒன்று மட்டும்தான் அவள் காதில் விழ வேண்டும் என்றார். எது என்று அவர் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லவில்லை.

"அப்ப இங்கிலீஷ், மேடம்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். "ஸ்கூல் எல்லாம் அதுதானே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் வாயை மூடத் தெரியாத நான் அந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள் நான். ப்ளஸ் டூ வரை தமிழில் படித்தேன், அதற்கு மேல் யாரும் படிக்க வைக்கவில்லை. மிச்சத்தை நானாகத்தான் படித்துக்கொண்டேன். பொட்டலம் மடித்த தாள், நூலகத்துப் புத்தகம், டிவியில் படத்துக்கு அடியில் ஓடும் எழுத்து. அதைவிட அதிகமாக மனுஷர்கள் வாயிலிருந்து படித்தேன். யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது எனக்கு ஒரு கிறுக்கு. பேசுவது என்ற ஒன்றுக்கே எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கிறது! ஒருத்தி கதையடிப்பாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி ஆள் இல்லாதபோது பொரணி பேசுவாள், கோபம் வந்தால் ஏசுவாள், காய்ச்சல் வந்தால் பினாத்துவாள். "உங்க தங்கச்சி வாயத் தொறந்தா ரயிலே நின்னு கேட்டுட்டுத்தான் போகும்" என்று என் அக்காவிடம் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அக்கா அதை எனக்கு வந்த மெடல் மாதிரி ஊரெல்லாம் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு ஃப்ரிட்ஜில், என் வீட்டுக்காரர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து ஒரு தாளை ஒட்டினார். இங்கிலீஷ் ஒன்லி. கீழே ஒரு சிரிக்கும் முகம்.

"எனக்கு வராதுங்க," என்றேன்.

"நா சொல்லுதத கேளு. உனக்கு வரும். நீயே படிச்சுக்கிட்டவதான?"

"படிக்கிறது வேற. பிள்ளய கொஞ்சுறது வேற."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங். வேலையில் என்ன பிசகு, எங்கே பிசகு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் ஆங்கிலம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பெயரை வாங்கிக்கொண்டான். "அன்னைக்கு நா முழுங்கினது இன்னும் இங்கயே நிக்கி," என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அவளுக்கு அது வரக்கூடாது. அவ்வளவுதான் நா கேக்கேன்."

அதற்கு மேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? சரி என்றேன்.

மறுநாள் காலையில் அவளை எழுப்பப் போனேன். எழுப்புவதற்கு என்னிடம் ஒரு பாட்டம் பேச்சு இருந்தது. எஞ்செல்லக்கட்டி, ராசாத்தி, விடிஞ்சிட்டுல்லா, காக்கா உன்னக் கேட்டுட்டுப் போச்சுல்லா என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் ஓடும். அன்றைக்குக் கட்டிலருகே நின்று "வேக் அப்" என்றேன். அதோடு முடிந்துவிட்டது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. கம். சிட். ஈட். டோன்ட் டச். குட் கேர்ள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாமே உத்தரவாக இருந்தது. அதில் கெஞ்சத் தெரியாது, பொய்க்கோபம் காட்டத் தெரியாது, சும்மா வம்பு இழுக்கத் தெரியாது. ஹாஸ்டல் வார்டன் மாதிரி ஆகிவிட்டேன்.

சும்மா இருக்கிறவள் இல்லையே நான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் பேசுவதற்கு இருக்கிற சொற்களை எல்லாம் போனில் தேடித் தேடி எழுத ஆரம்பித்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். விஸ்பர், மட்டர், மம்பிள், மர்மர். நாலும் சின்னக் குரல்தான், ஆனால் நாலும் வேறு. விஸ்பர் காதோடு சொல்வது. மட்டர் செய்கிறவனுக்கு உள்ளே கடுப்பு இருக்கும். மம்பிள் செய்கிறவன் வாயைச் சரியாகத் திறக்கமாட்டான். மர்மர் தூரத்தில் கூட்டம் பேசுகிற மாதிரி. எங்கள் கட்டட சொசைட்டி செயலாளர் பேசுவதில்லை, அனவுன்ஸ்தான் செய்கிறார் என்று எழுதினேன். காவலாளி மட்டர் செய்கிறார். கீழ்வீட்டு அக்கா பிளர்ட். மனசில் வந்ததை அப்படியே கொட்டிவிடுவார். சாட்டர், பிராட்டில், நேக், டீஸ், கன்ஃபெஸ். எழுபதைத் தாண்டிவிட்டது. கோக்ஸ் என்ற சொல்லைக் கண்டபோது துள்ளினேன். தாஜா பண்ணி இணங்க வைப்பது. இதுதான், இதுதான் எனக்கு வேண்டியது என்று சோற்றுக் கிண்ணத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். அந்தச் செயலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செய்வதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எந்த அகராதியிலும் போட்டிருக்கவில்லை. "ப்ளீஸ் ஈட்," என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு அக்கா என்று சொன்னேனே, அவர் இங்கேயே பக்கத்தில் தாபோடியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் தமிழை நம் ஊரில் கொண்டுபோய் விட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்கு அவர் பேச்சு உயிர். ஒரு நாள் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அரே, பாகல் ஆயிட்டியா நீ?" என்றார், பைத்தியமா என்று அர்த்தம். "எங்க வூட்ல பாரு. நாஷ்தாக்கு ஒரு பாஷை, பாஜி வாங்கறதுக்கு ஒரு பாஷை, சண்டைக்கு ஒரு பாஷை. நாங்கள்லாம் ஊமையாவா பூட்டோம்? என் வாய மூட இன்னும் எவனும் பொறக்கல."

"டாக்டரம்மா மாதிரி படிச்சவங்க சொல்றாங்கக்கா."

"படிச்சவங்க சொல்லட்டும். நீ பெத்தவ, நீ என்னா சொல்ற?"

அவர் கேட்டதை வீட்டில் வந்து சொன்னதற்கு என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவங்க பேசுதது எந்த பாஷைன்னு அவங்களுக்கே தெரியாது. அதத்தான் அந்த மேடம் வேண்டாங்காங்க." எனக்கும் அது சரி என்று பட்டது. பட்டது என்றுதான் எழுத வேண்டும்.

ஊரிலிருந்து அக்கா போன் செய்தால், குழந்தை காதில் விழாதபடி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்கு மேல் உள்ள சிம்னி விசிறியைப் போட்டுவிட்டுப் பேசுவேன். அந்த இரைச்சலுக்கு நடுவே மடை திறந்த மாதிரி பேசுவேன். ஒரு நாளைக்கு உள்ள தமிழ் எல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்.

"என்னட்டி இது மில்லுக்குள்ள நின்னு பேசுத மாதிரி?" என்பாள் அக்கா. "பிள்ளய காட்டு. நா ஒரு வார்த்த பேசுதேன்."

"வேண்டாம்க்கா. இன்னும் கொஞ்ச நாள்."

"ஏட்டி, அவ பேசமாட்டங்காளா, நீங்க பேச விடமாட்டங்கியளா?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவேன். மகள் அங்கே வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே அம்மா யாரோடோ சிரித்துப் பேசுவது அவளுக்குக் கேட்டிருக்கும். என்னைப் பார்த்து நிமிர்வாள். "கம்," என்பேன்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பயிற்சிக்கார அம்மாள் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பிஸ்கட் கேட்டால் உடனே கொடுக்காதீர்கள், கையில் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், "பிஸ்கட்" என்று சொல்ல முயற்சி செய்தால் கொடுங்கள். அது வேலை செய்தது. பந்துக்கும் செய்தோம். பால் கேட்டாலும் செய்தோம்.

எங்கள் பால்கனிக்கு எதிரே அப்போது ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் கிரேன் ஒன்று நாள் முழுக்க வானத்தில் கையை வீசித் திரும்பும். என் மகளுக்கு அதன் மேல் அப்படி ஒரு மோகம். கை அசைய ஆரம்பித்ததும் ஓடிவந்து என் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி "பாரு" என்பாள். அவளுடைய ஐந்து சொற்களில் மற்ற நாலும் கேட்பதற்கும் மறுப்பதற்கும். இது ஒன்றுதான் எனக்குக் கொடுப்பதற்கு. தான் கண்டதை நானும் காண வேண்டும் என்று அவள் கூப்பிட்ட சொல்.

தாள் ஒட்டி ஐந்தாவது மாதம். சாயங்காலம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து தாடையைப் பிடித்தாள். "பாரு."

நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். "ஸே லுக்," என்றேன்.

"பாரு."

"லுக். லு… க்."

அவள் இரண்டு கையாலும் என் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். எனக்குத் திரும்ப வேண்டும் போல் இருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. பிஸ்கட்டுக்குச் சொன்ன வழியை நான் இதற்கும் செய்தேன். செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பயிற்சிக்கார அம்மாளும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அவர் அப்போது ஆபீஸில் இருந்தார். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பாரு," என்றாள் மூன்றாவது தடவை, கொஞ்சம் மெதுவாக. அதற்குள் கிரேனின் கை கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது. என் முகத்திலிருந்து கையை எடுத்தாள். போய்ப் பால்கனி வலையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன்.

அதற்கப்புறம் அவள் பாரு என்று சொல்லவே இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன், ஒரு மாதம் காத்திருந்தேன். கிரேன் திரும்பும். அவள் தனியாகப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். பிஸ்கட் என்று சொல்வதும் நின்றுபோனது; பயிற்சிக்கு வாராவாரம் நிரப்பும் படிவத்தில் அந்த வாரம் பதினோரு கட்டத்தில் எதிலும் டிக் இல்லை. பூவும் தாவும் எப்போது போயின என்று எனக்கு ஞாபகம்கூட இல்லை. கூடவே போயிருக்க வேண்டும்.

ஆங்கிலம் வந்தது, வராமல் இல்லை. பிளே ஸ்கூலில் போட்டு எட்டு மாதம் கழித்து, டேப்லெட்டில் வரும் கார்ட்டூனின் குரலில், "ஐ வான்ட் தி அதர் ஒன்," என்று ஒரே மூச்சில் சொன்னாள். என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாடி மாடியாகப் போய்ப் பேடா கொடுத்தார். கீழ்வீட்டு அக்கா பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, "சலோ, வாய் தொறந்தாளே, அது போதும்," என்று என் கன்னத்தைக் கிள்ளினார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். அவள் பேசிவிட்டாள். இதற்குத்தானே எல்லாம். இதை யாரும் சின்ன விஷயம் என்று எண்ணிவிடக்கூடாது. பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் அது தெரியும்.

ஐந்து வயது ஆகும்போது பயிற்சி முடிந்தது. கடைசி நாள் அந்த அம்மாள் கோப்பை மூடி வைத்துவிட்டு, இனி நீங்கள் உங்கள் பாஷையில் பேசலாம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததாகச் சொன்னார். வீட்டுப் பாஷையை நிறுத்த வேண்டியதே இல்லை என்றுதான் இப்போது சொல்கிறார்கள், அம்மாவுக்கு எது நன்றாக வருமோ அதில் அம்மா பேசுவதுதான் நல்லது என்கிறார்கள், தனக்கு அன்றைக்கு அது தெரியாது என்றார். "ஐ ஆம் ஸாரி," என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது? சொன்னாரே. என் நோட்டில் இருந்த கன்ஃபெஸ் என்ற சொல்லை அன்றைக்குத்தான் ஒருத்தர் செய்ய நேரில் பார்த்தேன்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை காய்ந்து போயிருந்தது; நாலு மூலையும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. "நீ பேசு," என்றார். "இனிமே நீ எவ்வளவு வேணும்னாலும் பேசு." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. மம்பிளா, மர்மரா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பேசினேன். அன்றைக்கே மத்தியானம் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எஞ்செல்லக்கட்டி, ராசாத்தி, உங்கிட்ட அம்மா எவ்வளவு சேத்து வச்சிருக்கேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிலில் என்னைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "யூ ஆர் நாட் ஆன் த ஃபோன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால், சிம்னி இரைச்சலில், அம்மா யாரோடோ சிரித்துப் பேசும் பேச்சு. அவளுக்குத் தமிழ் என்றால் அதுதான். அவளோடு பேசுவதற்கு இல்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அருமையாகப் பேசுகிறாள். டீச்சர் அவளை மேடையில் ஏற்றி வரவேற்புரை சொல்ல வைத்தார். காய்கறி மௌஷி இன்னமும் "பாளா, காய் மண்தேஸ்?" என்று கேட்கிறாள். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ," என்கிறாள் இவள். மௌஷி விழுந்து விழுந்து சிரித்து ஒரு கொத்து கொத்தமல்லி சும்மா கொடுக்கிறாள். நான் தமிழில் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். பாதி புரிகிறது, மீதிக்கு "வாட்?" என்கிறாள். இரண்டு "வாட்"டுக்கு மேல் எனக்குத் தெம்பு போய்விடுகிறது, ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறேன். என் ஆங்கிலம் அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. நல்ல பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யாரோடு டூ விட்டாள், எதற்கு அழுதாள் எல்லாம் அப்பாவிடம் போகிறது. எனக்கு வருவது பசி, தாகம், சாக்ஸ் எங்கே.

எதிர்க்கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அதற்கும் அந்தப் பக்கம், இன்னும் தூரத்தில், போன வாரம் புதிதாக ஒரு கிரேன் நட்டிருக்கிறார்கள். இதுவும் மஞ்சள். சாயங்காலம் அவள் பால்கனியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் துணி எடுக்கப் போனேன். கிரேனின் கை மெள்ள அசைய ஆரம்பித்தது.

குனிந்து அவள் தாடையைத் தொட்டேன். "பாரு," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிரேனை இல்லை. என் கையில் போன் இருக்கிறதா என்று.